கேட்கும் செட்டும் பேசும் செட்டும்

திருவனந்தபுரம் கரமனையில் நான் மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரர்கள்: ஒரு மாமியும் அவர் கணவரும். யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்க மாமிக்குத் தெரியாது. அதை நல்ல குணம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் எனக்கு அது ஓர் உடல்வாகு மாதிரிதான் பட்டது. சிலருக்குத் தூசி பட்டால் தும்மல் வருமே, அதைப் போல.

கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று வருகிற போன்களை நாமெல்லாம் பாதியிலேயே துண்டித்துவிடுவோம். மாமி கடைசி வார்த்தை வரை கேட்பார். "நேக்கு ஒண்ணும் வேண்டாம் கொழந்தே. நீ சாப்ட்டாச்சோ? எந்த ஊரு?" என்பார். ஒருமுறை அந்தக் கேள்வியைக் கேட்டதும் எதிர்முனையில் இருந்த பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுது ஓயும்வரை மாமி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அடுப்பில் இருந்த மோர்க்குழம்பு திரிந்து, வழிந்து, அடிப்பிடித்த வாசனை மாடிவரை வந்தது. நான் இறங்கிப் போய் அணைத்தேன்.

கொட்டாரக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் தப்பான எண்ணுக்குக் கூப்பிட்டு, "சுமதியைக் கூப்பிடு" என்று மலையாளத்தில் அதட்டுவார். இரண்டு தடவை ராங் நம்பர் என்று சொல்லிப் பார்த்த மாமி, மூன்றாவது தடவை, சுமதி யார், எங்கே இருக்கிறாள் என்று விசாரித்தார். மகள். பேரூர்க்கடையில் எங்கோ இருக்கிறாள். மாமி யார் யாரையோ பிடித்து அவளைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். அப்பாவோடு பேசுவதற்கு ஒன்றும் இல்லை, செத்தாலும் சொல்ல வேண்டாம் என்றாள் அவள். அதையும் மாமிதான் கிழவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதன்பின் கிழவர் சுமதியைக் கேட்பதை விட்டுவிட்டு மாமியிடமே பேசத் தொடங்கினார். மழை, ரப்பர் விலை, மூட்டுவலி. பிறகு ஒரு வாரம் கூப்பிடவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மாமி அந்த எண்ணுக்கு ஒரு தடவை கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. "போயிருப்பர், பாவம்" என்று மட்டும் சொன்னார்.

உள்ளறையில் மாமா இருந்தார். ஞாபகம் முழுவதும் கலைந்துபோயிருந்தது. நாளெல்லாம் "அடியே" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் "இதோ இருக்கேன்" என்று மாமியின் குரல் போகும். அந்தக் குரலில் ஒருநாளும் சலிப்பு இருந்ததில்லை. அந்தச் சலிப்பின்மை சில சமயம் எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

நான் நாகர்கோவில்காரி. கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கொரோனாவுக்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை செய்தேன். அதனால்தான் பகல் வேளைகளில் அந்த வீட்டில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்.

முன்னறையில் மேஜைமேல் ஒரு ரேடியோ செட் இருந்தது. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, மைக் வைத்துப் பேசுகிற செட். மாமா தொலைத்தொடர்பில் இன்ஜினியராக இருந்தபோது வாங்கியது. ஹாம் ரேடியோ என்பார்கள். பரீட்சை எழுதி, லைசன்ஸ் வாங்கி, தனக்கென்று கொடுக்கப்பட்ட அடையாளப் பெயரைச் சொல்லித்தான் அதில் பேச வேண்டும். லைசன்ஸ் உள்ளவர்கள் தங்களுக்குள் மட்டும்தான் பேசிக்கொள்ளலாம். கல்யாணமான புதிதில் மாமாவோடு சேர்ந்து மாமியும் பரீட்சை எழுதினாராம். மாமா முதல் தடவை தோற்றார், மாமி பாஸ் ஆகிவிட்டார். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து தென்னை மரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த ஏரியல் கம்பியில்தான் நான் வந்த புதிதில் துணி காயப்போட்டேன். மாமி கோபித்துக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரு நாள் காலை மாமி என்னைக் கூப்பிட்டு அந்த செட்டின் முன் உட்காரவைத்தார். இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண் குரல்.

"யாராச்சும் இருக்கீங்களா? மலையில தோட்டத்துல இருந்து பேசுறேன். யாருக்காச்சும் கேக்குதா?"

"மூணு நாளா இதே குரல்" என்றார் மாமி. "பதில் சொல்ல முடியலைடீ."

அந்தக் குரல் வந்துகொண்டிருந்த அலைவரிசை ஹாம்காரர்களுக்கு உரியது இல்லை. லாரிகளிலும் மீன்பிடி வள்ளங்களிலும் வைத்திருக்கிற சிறிய சி.பி. செட்டுகளின் அலைவரிசை. மாமியின் செட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பேசுவதென்றால் ஹாமுக்கு அனுமதித்த எல்லைக்குள் மட்டும்தான் முடியும். செய்யும்போதே உள்ளே அப்படிப் பூட்டிவிடுவார்களாம். மாமி எனக்குக் காட்டுவதற்காக மைக்கை அழுத்தினார். செட் 'கீக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது.

ஹாம் கிளப்பில் ஒரு பொறுப்பாளர் இருந்தார். தம்பானூரில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிற மலையாளி, நன்றாகத் தமிழ் பேசுவார். மாமி அவரிடம் யோசனை கேட்டார். அவர் மூன்று வழி சொன்னார். அந்த மலைக்காரரைப் பரீட்சை எழுதவைத்து, லைசன்ஸ் வாங்கி, ஒரு ஹாம் செட்டும் வாங்கிக் கொடுப்பது, அதுதான் முறை. இல்லையென்றால் மாமியின் செட்டைத் திறந்து உள்ளே இருக்கும் பூட்டை எடுத்துவிடுவது, அது குற்றம். கடைசி வழி, பவர் கூட்டிய ஒரு கள்ள சி.பி. செட். "அதுவும் குற்றம்தான். பின்னே, அது ஒரு வகையில்லாத சாதனமாக்கும் மாமி. தான் பேசற இடத்தில மட்டும் நிக்காது, பக்கத்தில உள்ள அலைவரிசையிலெல்லாம் வழியும்."

முதல் வழியைத்தான் மாமி முதலில் முயன்றார். விதுரைக்கு மேலே இருக்கிற தோட்டம் என்று அந்தக் குரலின் பேச்சிலிருந்து பிடித்துவிட்டார், அங்கே போக ஒரே ஒரு பஸ் உண்டு. அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் மூலம் சொல்லி அனுப்பி, குரலுக்கு உரியவனை வரவழைத்தார். பெயர் மாடசாமி. ஒல்லியான, நிறையப் பேசாத ஆள். தோட்டக் கம்பெனி நொடித்துப்போய் வருஷங்கள் ஆகியிருந்தன. சில குடும்பங்கள் மட்டும் போக்கிடம் இல்லாமல் வரிசையாகக் கட்டிய பழைய லயன் வீடுகளிலேயே இருந்துகொண்டு, கிடைக்கிற தேயிலைக் கொழுந்தைப் பறித்து விற்றுக்கொண்டிருந்தன. செல்போன் சிக்னல் கிடையாது. லாரி ஓட்டுகிற மச்சான் ஒருவன் கொடுத்த செட்டைத்தான் மாடசாமி கார் பேட்டரியில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தான். லைசன்ஸுக்கு முகவரிச் சான்று கேட்டார்கள். கம்பெனி வீட்டில் சும்மா தங்கியிருப்பவனுக்கு யார் சான்று கொடுப்பார்கள்? விண்ணப்பம் திரும்பி வந்தது.

செட்டைத் திறக்க மாமி சம்மதிக்கவில்லை. "லைசன்ஸ் வாங்கறச்சே கையெழுத்துப் போட்டிருக்கேன். அதைத் தொறக்கப்பிடாது" என்றார். ஒரு வாரம் யோசித்தார். அந்த வாரம் முழுவதும் மலைக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஆரியசாலைக்குப் போய், லாரிகளுக்கு செட் மாட்டிக்கொடுக்கிற ஒருவனிடமிருந்து பவர் கூட்டிய ஒரு சி.பி. செட்டை வாங்கி வந்தார். ஒரு திருகு போயிருந்தது, அந்த இடத்தில் தீப்பெட்டி அட்டையைச் செருகியிருந்தார்கள். அதை ஹாம் செட்டுக்குப் பக்கத்தில் வைத்து, தனியாக ஒரு ஏரியலும் கட்டினார்.

"மாடசாமி, கேக்கறதா? நான் கரமனையிலேர்ந்து பேசறேன்."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அவன் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டான்.

அதன்பின் ஒரு வருஷம் போல அது நன்றாகவே நடந்தது. மலையில் யாருக்காவது முடியவில்லை என்றால் மாடசாமி கூப்பிடுவான். மாமி விதுரையில் இருக்கும் ஒரு ஜீப் டிரைவருக்குப் போன் பண்ணுவார். ஜீப் மேலே ஏறும். ஒரு பிரசவம், காய்ச்சலில் வலிப்பு வந்த ஒரு குழந்தை, காட்டெருமை முட்டிய ஒரு பெரியவர். எல்லாரும் பிழைத்தார்கள். மாடசாமி வேலைக்குப் போன நேரங்களில் அவன் மனைவி செல்வி செட்டின் முன் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு அவசரம் என்று எதுவும் இருக்காது. பேச வேண்டும், அவ்வளவுதான்.

"அம்மா, இன்னைக்கு என்ன கொழம்பு?"

"வெண்டைக்கா கிச்சடி."

"அது எப்படிம்மா வைக்கிறது? சொல்லுங்களேன்."

தேங்காய் அரைத்துத் தயிரில் கலப்பதிலிருந்து கடுகு தாளிப்பது வரை மாமி ஒவ்வொன்றாகச் சொல்வார். மாடியில் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு குரல்களும் மேலே வரும். மாமி இப்படிச் சிரிப்பாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் கிளப் பொறுப்பாளர் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வலியதுறைப் பக்கத்தில் வள்ளம் வைத்திருக்கும் மீன்பிடிக்காரர், ஐம்பது வயதிருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். மலையாளத்தில் மெதுவாகத்தான் பேசினார். முந்தின வாரம் அவருடைய தம்பியும் இன்னும் மூன்று பேரும் போன வள்ளத்தின் எஞ்சின் கடலில் நின்றுபோனது. காற்று எழுந்துவிட்டது. கரைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கரையில் செட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தவர் இவர்தான். அந்த நேரத்தில் இவருக்கு வேறொரு குரல்தான் கேட்டது. தமிழில், ஒரு அம்மாவின் குரல். அதற்குள் தம்பியின் குரல் அமுங்கிப்போய்விட்டது.

"அம்மே, அடுத்த நாள் சாயங்காலம் வேற ஒரு வள்ளக்காரர் கண்டுபிடிச்சு கட்டி இழுத்தோண்டு வந்நு. மூணு பேரைத்தான் கொண்டுவந்நு" என்றார் எனக்கும் புரிகிற மாதிரி. நாலாவது ஆள் தம்பி இல்லை, தம்பியோடு போன ஒரு சொந்தக்காரர். அலையில் தவறி விழுந்துவிட்டார்.

"அதிகாரிகளிடம் போகலாம்னு சொன்னேன். இவர்தான் முதல்ல நேரில பாத்துப் பேசணும்னு சொன்னார்" என்றார் பொறுப்பாளர்.

அந்த மனிதர் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. மாமி பேசுவது எந்தெந்த நேரம் என்று தெரிந்தால் தாங்கள் அதற்குத் தகுந்தபடி பார்த்துக்கொள்வோமே என்றுதான் கேட்டார். உள்ளறையிலிருந்து மாமா கூப்பிட்டார். மாமி பதில் சொன்னார். பிறகு மேஜைக்குப் போய், சி.பி. செட்டின் வயரைப் பிடுங்கிப் பொறுப்பாளர் கையில் கொடுத்தார்.

"வழியாம பண்ண முடியுமோ இதை?"

"ஃபில்டர் போட்டுப் பாக்கலாம். ஒரு வாரம் ஆகும்."

"எடுத்துண்டு போங்கோ."

அவர்கள் போனபின் மாமி தோட்டத்துப் பஸ்ஸின் கண்டக்டருக்குப் போன் பண்ணினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "மாடசாமிகிட்டச் சொல்லணும் கேட்டேளா. ஒரு வாரத்துக்கு என்னால பேச முடியாது. ஆனா அவன் பேசறது நேக்குக் கேக்கும். பழைய செட்ல கேட்டுண்டேதான் இருப்பேன். ஏதாவதுன்னா கூப்பிடச் சொல்லுங்கோ, ஜீப் வரும்." கண்டக்டர் சரி சரி என்றார். பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் கேட்டது.

ஃபில்டர் போட்டு செட் திரும்பி வர இரண்டு நாள் இருக்கும்போது, பகல் பதினொரு மணி வாக்கில், மாமி என் பெயரைச் சொல்லிக் கத்தினார். நான் ஓடி இறங்கினேன். ஹாம் செட்டில் மாடசாமியின் குரல்.

"அம்மா... அம்மா இருக்கீங்களா? செல்வியப் பாம்பு கடிச்சிருச்சும்மா. கொழுந்து பறிக்கும்போது கால்ல கடிச்சிருச்சு. அம்மா, கேக்குதா?"

மாமி ஒரு கையால் ஜீப் டிரைவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் உடனே கிளம்பிவிட்டான். மேலே போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும். காட்டுப்பாதையில் ஏறிவிட்டால் அவனுக்கும் சிக்னல் கிடையாது. போனை வைத்துவிட்டு மாமி மைக்கை எடுத்தார். எடுக்கக் கூடாது, எடுத்தும் பயனில்லை என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

"மாடசாமி, ஜீப் வரது. அங்கேயே இரு. வீட்டை விட்டு நகராதே. அவளை நடக்க விடாதே."

கீக். மறுபடியும் அழுத்தினார். கீக். ஒவ்வொரு தடவையும் முழு வாக்கியத்தையும் சொன்னார். மைக் செத்துக் கிடந்தது, அதற்குள் அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் பொறுப்பாளருக்குப் போன் பண்ணினேன். சி.பி. செட் ஏதோ பட்டறையில் பிரித்துப்போட்டுக் கிடக்கிறது என்றார்.

"யாரும் இல்லை போல" என்று மாடசாமி யாரிடமோ சொல்வது கேட்டது. "கண்டக்டர்தான் சொன்னாரே, ஒரு வாரத்துக்கு செட்டு இல்லைன்னு. அவளைத் தூக்கக் கம்புல தொட்டில் கட்டுங்க. ஓடை வழியா எறங்கிருவோம், அதான் கிட்ட. நான் போர்வை எடுத்துட்டு வாரேன். செல்வி, நீ இதைப் பிடிச்சுக்க. விடாம கூப்பிடு."

பிறகு செல்வியின் குரல் வந்தது. வழக்கம்போலத்தான் இருந்தது, கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"அம்மா, வீட்டுலதானம்மா இருக்கீங்க? எனக்கு நாக்கு தடிச்ச மாதிரி இருக்கு. பயமா இருக்கும்மா. ஏதாச்சும் பேசுங்களேன். என்னத்தையாச்சும் பேசுங்க."

மாமி பேசினார். என்ன பேசினார் என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அவள் பெயரைச் சொன்னார், தைரியம் சொன்னார், ஜீப் எங்கே வந்துகொண்டிருக்கும் என்று சொன்னார். செட் கீக் கீக் என்று கத்தியது. அந்தப் பக்கம் யாரோ மைக்கை வாங்கிக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அதோடு ஒலி நின்றுவிட்டது.

ஓடை வழி என்று சொல்ல நான் டிரைவருக்குப் போன் போட்டேன், அதற்குள் அவன் சிக்னலைத் தாண்டியிருந்தான். ஜீப் ரோடு வழியாக மேலே போனது. அவர்கள் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடை வழியாகக் கீழே இறங்கினார்கள். ஜீப் போய்ச் சேர்ந்தபோது லயன் வீடுகளில் கிழவிகள் மட்டும்தான் இருந்தார்கள். டிரைவர் திருப்பிக்கொண்டு வந்து, கீழே ஓடை ரோட்டைச் சேருகிற இடத்தில் அவர்களைப் பார்த்தான். அங்கிருந்து ஆஸ்பத்திரி வெகு தூரமில்லை. ஆனால் செல்விக்கு அதற்கு முன்பே மூச்சு நின்றுபோயிருந்தது.

அடுத்த வாரம் மாமி தன் ஹாம் லைசன்ஸ் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். பொறுப்பாளர் எவ்வளவோ சொன்னார். தப்பு மாமியுடையது இல்லை என்றார். மீன்பிடிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்ததற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். "அவரைக் கூட்டிண்டு வந்தது சரிதான்" என்றார் மாமி. ஃபில்டர் போட்ட சி.பி. செட் திரும்பி வந்தது. மாமி அதை மேஜையில் வைத்தார், ஆனால் வயரை மாட்டவில்லை. மறு வருஷம் மாமா காலமானார். மகன் வந்து மாமியைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நானும் வேறு வீடு பார்த்துக்கொண்டேன். போனில் எப்போதாவது பேசுவோம். எடுப்பார், ஆனால் மணி பல தடவை அடித்த பிறகுதான் எடுப்பார். முன்பு அப்படி இல்லை.

செல்வி இறந்த அந்த மாதமே அவள் காரியத்துக்கு நானும் மாமியும் மலைக்குப் போனோம். மாமாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்திருந்தார். நெடுமங்காடு தாண்டி விதுரையில் இறங்கி அந்த ஒற்றைப் பஸ்ஸைப் பிடித்தோம். கண்டக்டர் மாமியை அடையாளம் தெரிந்துகொண்டார். டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய் நின்றுகொண்டார், பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை. மாமியும் அவரை எதுவும் கேட்கவில்லை.

மாடசாமி தலை மழித்திருந்தான். எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். பக்கத்து வீட்டிலிருந்து பால் விடாத கட்டஞ்சாயா வந்தது. அவன்தான் ஆரம்பித்தான்.

"ஜீப்பு வந்துச்சாமே. அப்ப நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டிருக்கு."

"கேட்டுது, மாடசாமி."

"பதில் வந்திருந்தா இங்கனயே இருந்திருப்போம்மா."

"சொன்னேன். என் செட்லேர்ந்து உனக்கு வராது. நான் கேட்டுண்டிருப்பேன்னு சொல்லி அனுப்பினேன். அது உன்கிட்ட வந்து சேரலை."

அவன் தலையாட்டினான். யார் மேலும் கோபப்படுகிற தெம்பு அவனிடம் இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"நான் போர்வை எடுக்கப் போனப்ப மைக்கை அவ கையில குடுத்துட்டுப் போனேன். எறங்கும்போது அவளுக்கு வாய் தெறக்கலைம்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. அந்த மைக்குல ஏதாச்சும் சொன்னாளா?"

நான் மாமியைப் பார்த்தேன். மாமி உடனே பதில் சொன்னார். யார் என்ன கேட்டாலும் எப்படிச் சொல்வாரோ அதே குரலில், அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நீ வந்துடுவேன்னு சொன்னா. பயமில்லைன்னா. மாடசாமி இருக்கான், நேக்கு ஒண்ணும் ஆகாதுன்னா."

செல்வி 'நேக்கு' என்று சொல்லமாட்டாள். மாடசாமி அதைக் கவனிக்கவில்லை. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, பல நாளாகத் தேக்கிவைத்திருந்தவனைப் போல அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை மாமி அந்த நாற்காலியிலேயே இருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். மலை இறங்கி ரப்பர்த் தோட்டங்கள் வந்தன. என் போனில் சிக்னல் வந்து, சேர்ந்து கிடந்த செய்திகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. நான் அதை அமர்த்தினேன்.

"நீங்க சொன்னது சரிதான் மாமி" என்றேன். "வேற என்னத்தச் சொல்ல முடியும்."

மாமி என் பக்கம் திரும்பவில்லை.

"செல்வி ஜீப்பு கேக்கலை, மருந்து கேக்கலை" என்றார். "பேசுங்கோன்னா. அவ்வளவுதானே கேட்டா."

பஸ் நெடுமங்காட்டில் நின்றது, ஆட்கள் ஏறினார்கள்.